உடைந்த எழுத்தும் உடையாத ஓசையும்

ஸூடான் நாட்டு ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலாஹி தம் படைப்புத் தொழிலைப் பற்றிப் பேட்டிகளிலும் உரைகளிலும் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருப்பவை, ஓவியம் பயின்றோர்க்கு மட்டும் உரியவை அல்ல. அலிஃப், பே என்று விரல் வைத்து ஓதத் தொடங்கிய எவருக்கும் அவற்றில் பங்குண்டு. அப்பங்கைக் கேட்டுப் பெறுவதே இக்கட்டுரையின் நோக்கம்; அவர் சொன்ன அனைத்தையும் ஒப்புக்கொள்வது நோக்கமன்று.

1930இல் உம்துர்மான் நகரில் பிறந்தவர் அவர். தந்தையார் குர்ஆன் பள்ளி நடத்திய ஆசிரியர். அத்தகைய பள்ளிகளில் பிள்ளைகள் ‘லவ்ஹு’ எனப்படும் மரப்பலகையில் மையால் எழுதி ஓதுவார்கள். மனனமானபின் கழுவிவிட்டு மேலும் எழுதுவார்கள். பலகையில் எழுதி ஓதிய முன்னோரின் வழிவந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஓதலில் ஒரு பகுதி நிறைவேறினால் பலகையில் அணி வரையும் வழக்கமும் அங்கிருந்தது. எழுத்தும் அணியும் ஒரே பலகையில் கூடியிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அவர் பின்னாளில் செய்தது அத்தனை விந்தையாகத் தோன்றாது.

1954 முதல் 1957 வரை லண்டனில் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்றார். மேனாட்டு முறைகள் கைவந்தன. தாயகம் திரும்பி, கர்தூம் நகரின் கிராண்ட் ஹோட்டலில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். திறப்பு நாளில் விருந்துபசாரத்துக்காகச் சிலர் வந்தனர். அதன்பின் எட்டிப் பார்ப்பாரில்லை. மீண்டும் வைத்தார், மீண்டும் அதுவே நேர்ந்தது. இந்நிலையில் கலைஞர்கள் பெரும்பாலும் மக்களின் அறியாமையை நொந்துகொண்டு ஒதுங்குவார்கள். ஸலாஹியோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். மக்கள் தம் வீட்டுச் சுவரில் எதை மாட்டி வைத்திருக்கிறார்கள், அன்றாடம் கையாளும் பொருள்களில் எவ்வகை அணிகளைச் செய்து மகிழ்கிறார்கள் என்று நோக்கினார். சுவரில் இருந்தவை எழுத்துகள். பொருள்களில் இருந்தவை அணிகள். அவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த ஓவியங்களில் இவ்விரண்டும் இல்லை.

காட்சிக்கு வைத்தலைப் பற்றி நான் அறிந்த சிந்தனைகளுள் இதுவே நேர்மையானது. பார்வையாளன் வராத அரங்கை அவர் பார்வையாளனின் குற்றமாகக் கொள்ளவில்லை. வந்தவனுக்கு அங்கே அறிமுகமான முகம் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டார்.

அதன்பின் ஓவியத்தின் மூலையில், தபால்தலை அளவில், அரபு எழுத்துகளைப் பதிக்கலானார். மக்கள் சற்றே நெருங்கி வந்தனர். எழுத்துகள் மூலையை விட்டு நடுவே பரவின. வண்ணங்கள் குறைந்து மண்ணின் நிறங்களாயின. கடைசியில் எழுத்தையே உடைத்துப் பார்த்தார். உடைந்த எழுத்தின் உள்ளிருந்து விலங்குகளும் செடிகளும் மனித முகங்களும் வெளிப்பட்டன என்றும், தம் கலை அங்கிருந்துதான் உண்மையில் தொடங்கியது என்றும் சொல்கிறார். எழுத்தணிக் கலையில் தேர்ந்த உஸ்மான் வகீயுல்லா, அஹ்மத் ஷிப்ரைன் ஆகியோரோடு இவரையும் சேர்த்துக் ‘கர்தூம் பள்ளி’ என்று வழங்குவர். இப்பள்ளியில் ஒருவராக எண்ணப்பட்ட கமாலா இஸ்ஹாக், தம்மைச் சார்ந்தோருடன் 1976இல் இப்போக்கை மறுத்து அறிக்கை வெளியிட்டார் என்பதும் சேர்த்து அறியத்தக்கது. மரபு என்ற சொல் அந்நகரத்திலேயே எல்லோருக்கும் இனித்துவிடவில்லை.

எழுத்துக்குள் உயிரினம் இருந்தது என்பது ஸலாஹியின் கண்டுபிடிப்பா? அரபு இலக்கணம் பயின்ற சிறு மாணவனும் இதற்கு விடை சொல்வான். ‘ஐன்’ என்பது எழுத்தின் பெயர். கண்ணுக்கும் அதுவே பெயர், ஊற்றுக்கும் அதுவே பெயர். ‘நூன்’ என்றால் மீன். மீன் வயிற்றில் இருந்ததனால் யூனுஸ் நபி (அலை) அவர்களுக்குத் ‘துன்னூன்’ என்ற பெயர் வந்தது. ஓவியர் உடைத்துப் பார்த்துக் கண்டதை மொழி உடைக்காமலே வைத்திருந்தது. இதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. இலக்கணத்தார் காதால் அறிந்ததை அவர் கண்ணால் காட்டினார், அவ்வளவே.

நான் மாறுபடும் இடம் வேறு. எழுத்தை அதன் பொருளிலிருந்து விடுவித்து வெறும் வடிவமாக்கிக்கொண்டதாக அவர் விளக்கம் தருகிறார். விமர்சகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, எழுத்து இங்கே வெறும் குறியீடாகிவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஓவியங்களோ வேறு சான்று பகர்கின்றன. 1961இல் தொடங்கி 1965இல் முடித்த பெரிய ஓவியத்துக்கு அவர் இட்ட பெயர் ‘மறுபிறப்புற்ற சிறுபருவக் கனவுகளின் ஓசைகள்’. தந்தையார் மறைந்த துயரில் 1964இல் தீட்டியதன் பெயர் ‘இறுதி ஓசை’. மரணத் தறுவாயில் இருப்பவர் அருகிலும் மறைந்தவர்க்காகவும் ஓதப்படுவதை அப்பெயர் குறிக்கிறது. வடிவம் மட்டுமே எஞ்சியது என்பவர் ஏன் ஓவியத்துக்கு ஓசை என்று பெயரிட வேண்டும்? பொருள் போனபின்னும் ஓசை போகவில்லை என்பதே என் துணிபு. திருக்குர்ஆனின் சில அத்தியாயங்கள் அலிஃப், லாம், மீம் போன்ற தனியெழுத்துகளோடு தொடங்குகின்றன. அவற்றின் பொருளை அல்லாஹ்வே அறிவான் என்கிறோம். ஆயினும் அவற்றை நீட்டி நிறுத்தி ஓதுகிறோம். பொருள் நம் கைக்கு எட்டாத எழுத்தும் வெற்று வடிவமன்று என்பது ஓதப் பழகிய நாவுக்குத் தெரியும். ஸலாஹியின் கைக்கும் தெரிந்திருந்தது. அவருடைய விளக்கத்தில்தான் அது விடுபட்டுப்போயிற்று.

மனித முகங்களை வரைவது பற்றி நம் உலமாக்களிடையே உள்ள கருத்துகளை வாசகர்கள் அறிவர். அதற்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. நீண்டு, முகமூடி போன்று, புகைக்குள்ளிருந்து நோக்குவன போன்ற அம்முகங்கள் எந்த மனிதனின் சாயலும் அல்ல என்பதை மட்டும் குறித்து மேலே செல்கிறேன்.

1975 செப்டம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். அப்போது பண்பாட்டுத் துறையில் உயர் பதவியில் இருந்தவர். தோல்வியுற்ற ஓர் ஆட்சிக்கவிழ்ப்பில் தொடர்புடையவர் என்று குற்றஞ்சாட்டி, விசாரணையின்றி, கர்தூமின் கோபர் சிறையில் ஏறத்தாழ ஆறு மாதம் அடைத்து வைத்தனர். காகிதம் வைத்திருப்பது அங்கே குற்றம். கிடைத்த துண்டுக் காகிதங்களில் வரைந்து மணலில் புதைத்து வைத்தார். அப்பாஸிய அமைச்சரும், எழுதுகோல் முனையின் புள்ளியால் எழுத்துகளை அளந்து ஒழுங்கு செய்தவரென மரபு போற்றுபவருமான இப்னு முக்லா நினைவுக்கு வருகிறார். வலக்கை வெட்டப்பட்ட பின்னும் முன்கையில் எழுதுகோலைக் கட்டி எழுதினார் என்பர். 940இல் சிறையிலேயே மறைந்தார்.

சிறைவாசம் ஸலாஹிக்கு ஒரு முறையைக் கற்பித்தது. சிறு துண்டு ஒன்றை வித்தாகக் கொண்டு, முழு ஓவியம் எதுவாகும் என்று தெரியாமலே, பக்கத்தில் துண்டு துண்டாகச் சேர்த்து வளர்ப்பது. விடுதலைக்குப் பின் கத்தர் நாட்டில் வாழ்ந்து, 1998இல் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறிய பின்னும் இம்முறையைக் கைவிடவில்லை. முதுமையில் நோயின் வலியோடு அமர்ந்து மருந்துப் பெட்டிகளின் அட்டையில் வரைந்த சிறு சித்திரங்களும் இவ்வழி வந்தவையே.

குறியீடு பற்றி அவர் சொல்வனவற்றுள் நான் முழுமனத்தோடு ஏற்பது ஹராஸ் மரத்தைப் பற்றியது. நைல் நதிக்கரையில் வளரும் வேல மர இனம் அது. மழைக்காலத்தில் உலகமே பசுமை பூண்டிருக்க, அது இலையுதிர்த்து நிற்கும். வறட்சியில் பிற மரங்கள் காய்ந்திருக்க, அது தழைக்கும். தம் மக்களின் வளையாத இயல்பை அதில் கண்டு, அம்மரத்தை வரிசை வரிசையாக வரைந்தார். இங்கே குறியீட்டை அவர் ஏற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை. மரமே அதைச் செய்துகொண்டு நிற்கிறது. பறவை என்றால் விடுதலை, விளக்கு என்றால் ஞானம் என்று பட்டியல் போட்டு எழுதும் நம் கவிஞர்கள் சிலர் இம்மரத்தடியில் சற்று அமர்ந்து எழுந்து வரலாம்.

2013இல் லண்டன் டேட் மாடர்ன் அரங்கில் அவர் வாழ்நாள் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆப்பிரிக்க நவீன ஓவியர் ஒருவர்க்கு அவ்வரங்கு இத்தகைய சிறப்புச் செய்தது அதுவே முதன்முறை. மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் அரபு எழுத்தையே அறியாத பார்வையாளனுக்கு அங்கே எதுவும் உடைந்திருக்காது. அழகிய கோடுகளையே அவன் கண்டிருப்பான். எழுத்து உடைந்திருப்பதைக் கண்டு திடுக்கிட வேண்டுமானால் அது முழுதாய் இருந்த பலகையை ஒருமுறையேனும் கழுவியிருக்க வேண்டும். விருந்துக்கு வந்து திரும்பிப்போன அந்தக் கர்தூம்வாசியே இவ்வோவியங்களுக்கு உரிய பார்வையாளன்.

ஸலாஹியும் இதை உணர்ந்தே இருந்தார். 1984–85இல் ஒன்பது பலகைகளில் கறுப்பு மையால் வரைந்த ‘தவிர்க்கவியலாதது’ என்னும் பேரோவியம், உயர்ந்த கைமுட்டிகளோடு எழுந்து நிற்கும் மக்கள் திரளைக் காட்டுவது. தம் மக்கள் கொடுங்கோன்மையினின்று விடுபடும் வரை அதை ஸூடானில் காட்சிக்கு வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். 2019 ஏப்ரலில் உமர் அல்பஷீரின் ஆட்சி வீழ்ந்தபோது அந்நாள் வந்துவிட்டதாகவே பலர் நம்பினர். 2021 அக்டோபரில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. 2023 ஏப்ரலில் கர்தூம் போர்க்களமாயிற்று. அவ்வோவியத்துக்கு இடம் தந்தது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அருங்காட்சியகம்.