முடிக்கப்படாததன் அரசியல்

2004இல் ஐரோப்பாவிலும் மொராக்கோவிலும் சுற்றியபடியே கிரெய்க் தாம்ப்சன் வரைந்தது 'கார்னே து வாயாஜ்' என்னும் பயணக் குறிப்பேடு. அடுத்த காமிக்ஸுக்கான தேடலும் அதற்குள் ஓடுகிறது. மராகேஷ் தெருவில் பேனாவோடு உட்கார்ந்தால் ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பார்ப்பவனே பார்க்கப்படுகிறான். தனிமை, கைவலி, எரிச்சல் எதையும் மறைக்கவில்லை.

2011இல் வந்த 'ஹபீபி'யோ முழுமை பெற்ற பிரதி: கற்பனை நாடு, அந்தப்புரம், அடிமைச் சந்தை, அழகழகான அரபு எழுத்தணி. வரைந்த ஆளைத்தான் காணோம். எட்வர்ட் சைத் 1978இல் தோலுரித்த கீழைத்தேயவியல் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். குறிப்பேட்டிலும் அந்தப் பார்வை இல்லாமலில்லை. ஆனால் அங்கே அதற்கு ஓர் உடம்பு உண்டு. அதோடு சண்டை போடலாம்.

'வெறும் ஸ்கெட்ச்தானே' என்று ஒதுக்கிவிட முடியாது. எதை அழித்துவிட்டு ஒரு படைப்பு முழுமையாகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.