தொடக்கம் எங்கே? தொடக்ககால அமெரிக்க இலக்கியக் கல்வியும் மலாக்காத் தமிழரும்

ஓர் இலக்கியம் எங்கிருந்து தொடங்குகிறது என்னும் வினாவுக்கு மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் அச்சு நூல்களைச் சுட்டியே விடை கூறுகின்றன. சிங்கப்பூரில் 1887இல் வெளிவந்த சதாசிவ பண்டிதரின் செய்யுள் நூல்களும், 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்னும் நாவலும் இவ்வகையில் எல்லைக்கற்களாக நிற்கின்றன. இவ்வளவுகோலின்படி மலாக்காவுக்குச் சொல்லத்தக்க இடம் கிடைப்பதில்லை. குறை மலாக்காவினுடையதா, அளவுகோலினுடையதா என்பதை அமெரிக்க இலக்கியக் கல்வியோடு ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும்.

அமெரிக்காவின் முதல் நாவலாகப் பொதுவாகக் கருதப்படும் 'தி பவர் ஆஃப் சிம்பதி' 1789இல் வெளிவந்தது. நாவலையே அளவாகக் கொண்டால், அதற்கு முற்பட்ட குடியேற்றக் காலம் முழுவதும் இலக்கியமற்ற காலமாகிவிடும். பல்கலைக்கழகங்கள் அவ்வாறு கற்பிப்பதில்லை. பிளிமத் குடியேற்றம் பற்றி வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய வரலாறு, ஜான் வின்த்ரோப்பின் 1630ஆம் ஆண்டுச் சமயவுரை, மேரி ரோலன்சன் தாம் சிறைப்பட்டதைக் கூறி 1682இல் வெளியிட்ட நூல் ஆகியன அங்கே பாடங்களாகின்றன. பியூரிட்டன் சமயக் கொள்கையை அறியாதார்க்கு இவை விளங்கா. ஆதலால் பண்பாட்டுப் பின்புலம் பாடத்தின் உள்ளீடாகவே அமைகிறது. 1990இல் வெளிவந்த 'ஹீத்' தொகைநூல் இன்னும் பின்சென்று, பழங்குடியினரின் வாய்மொழி மரபுக்குத் தொடக்கத்திலேயே இடமளித்தது. இலக்கியத்தின் தொடக்கத்தைத் திறனாய்வாளரே தேர்கின்றனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்நோக்கில் மலாக்காவை அணுகினால் முதலில் எதிர்ப்படுவது அப்துல்லா முன்ஷியின் 'ஹிக்காயத் அப்துல்லா'. 1796இல் மலாக்காவில் பிறந்த அவருடைய முன்னோர் நாகூரில் மணவுறவு கொண்ட அரபு வழியினர். 1843இல் எழுதி முடிக்கப்பெற்று 1849இல் அச்சான இத்தன்வரலாற்றில், மலாக்காவின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்ததையும், கணக்குக்கு அம்மொழி பயன்பட்டதையும், தாமும் அதனைக் கற்றதையும் அவர் பதிவுசெய்கிறார். தமிழ் இங்கே வணிகத்தின் மொழியாக, பிறரும் விரும்பிக் கற்ற மொழியாக விளங்கிய காலம் அது. நூல் மலாய்மொழியில் அமைந்தமையால் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் அது ஒதுங்கிப் போகிறது.

அந்நூலை எழுதத் தூண்டியவர் சிங்கப்பூரில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஆல்ஃபிரட் நார்த் என்பதும் நோக்கத்தக்கது. அவரை அனுப்பிய அமெரிக்க மிஷனே 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1841இல் 'உதயதாரகை' இதழையும் தோற்றுவித்தது. தன் வாழ்வைத் தானே ஆராய்ந்து எழுதும் பியூரிட்டன் வழக்கம் அம்மிஷனின் சமயப் பின்னணியில் ஊறியது. ஆகவே தொடக்ககால அமெரிக்கப் பண்பாட்டை அறிவது தமிழ் மாணவர்க்குத் தொலைவான கல்வியன்று.

எனினும் அப்துல்லா காட்டுவது துறைமுக மலாக்காவை மட்டுமே. தோட்ட மலாக்கா பிற்காலத்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் அது பெருந்தோட்டமாக விரிந்தது. மலாயாவின் வணிகமுறை ரப்பர்த் தொழில் இங்கிருந்தே வளர்ந்தது. தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழிவந்த தொழிலாளர் நூல் எழுதவில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை எள்ளும் பாட்டும் அவர்தம் படைப்புகளாயின. இவற்றுக்கும் பின்புலம் இன்றியமையாதது. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது என்பதை அறிந்தால்தான், விடியற்காலைப் பிரட்டில் அவன் காட்டிய கடுமையும் அதற்கெதிரான எள்ளலும் பொருள்படும். அடிமைகளின் பாடலை மகிழ்ச்சியின் அடையாளமெனக் கொள்வது பிழை, அது துயரின் குரல் என்று ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் விளக்கினார். தோட்டத் தொழில்முறை அடிமைமுறையன்று; ஆயினும் பாடலைக் கேட்கும் முறைக்கு அவர் கூற்று நமக்கும் பொருந்தும்.

மொழி ஒன்றையே எல்லையாகக் கொள்வதிலும் மலாக்கா இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவிலைப் போற்றிவரும் மலாக்காச் செட்டிகள் சைவ மரபினர். அவர்தம் வீட்டுமொழியோ மலாய். அவர்களுடைய வாய்மொழி மரபைத் தமிழ்த்துறை ஏற்குமா, விலக்குமா என்பது விடை கூறவேண்டிய வினாவாகும்.

அமெரிக்க ஒப்பீட்டுக்கும் வரம்புண்டு. பியூரிட்டன்கள் நிலத்தைக் கைக்கொண்டு எழுதினர். நம் தோட்டத்து மக்கள் பிறர் நிலத்தில் உழைத்துப் பாடினர். ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, லயங்கள் கலைந்துவரும் நிலையில், அப்பாடல்களை அறிந்த மூத்தோர் அருகிவருகின்றனர். மலேசியத் தமிழ் இலக்கியப் பாடத்தின் முதல் அலகில் துறைமுகத் தமிழையும் தோட்டப் பாடலையும் வைத்து, அச்சு நூல்களை அடுத்த அலகில் வைப்பதே முறையாகும். அவ்வாறு வைத்தால், ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் வரும் மாணவர் தம் பாட்டியின் பாடலைப் பதிவுசெய்து கொணர்வதும் பாடநூலைத் தேடும் பணியாகவே அமையும்.