பாலத்தின் அடிப்பக்கம்

நம் பொறியாளர் சங்கத்தின் பொன்விழா மலருக்கு, "சிறந்த பணிகளை எப்படி அடையாளம் காண்பது என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று செயலாளர் கேட்டார். அவர் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. மூன்று பக்கத்தில் அடங்கும் என்றுதான் உட்கார்ந்தேன். அடங்காவிட்டால் விளம்பரத்தில் ஒரு பக்கத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

நம் ஆண்டுப் பரிசு யாருக்குப் போனது, யாருக்குப் போயிருக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு பொதுக்குழுவிலும் பந்தி வரை நீள்வது உறுப்பினர்கள் அறிந்ததே. இரண்டு முறை நடுவர் குழுவில் இருந்தவன் என்பதால் எனக்கும் அதில் கொஞ்சம் வசவு உண்டு. அந்தச் சண்டைக்குள் இப்போது போகவில்லை. நாம் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எதைச் சிறப்பு என்பார் என்பது அவர் வந்த வழியைப் பொறுத்தது.

1946இல் நெடுஞ்சாலைத் துறை தனியானபோது பொதுப்பணித் துறையிலிருந்து வந்த பெரியவர்கள் ஒரு வழி. பாலத்தின் அடித்தளக் கிணறு நேராக இறங்கியதா, வெள்ளத்தில் நின்றதா என்ற இரண்டு கேள்விதான் அவர்களுக்கு. கிண்டி வழி வேறு. அங்குள்ள பொறியியல் கல்லூரியும் 1957இல் வந்த நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையமும் வளர்த்த பிள்ளைகள் அவர்கள். மண்ணைக் கையில் எடுத்தாலே அதன் தாங்குதிறனைக் காட்டும் சி.பி.ஆர். எவ்வளவு இருக்கும் என்று சொல்லப் பார்ப்பார்கள். ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஜான்சன் விக்டரிடம் படித்தவர்களையும், அவருடைய பாலப் பொறியியல் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு அவரிடமே படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களையும் சேர்த்து ஒரு வழியாக வைக்கலாம். பிறகு கான்கிரீட்டுக்குள் கேபிளை இழுத்துக் கட்டும் கேபிள்காரர்கள். செங்கல்பட்டுக்கு அருகே பாலாற்றில் 1950களில் கட்டிய பாலம் நாட்டின் முதல் பிரீஸ்ட்ரெஸ்டு சாலைப் பாலங்களுள் ஒன்று. அதைச் சொல்லாமல் அவர்கள் எந்தக் கூட்டத்திலும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

ரயில்வேக்காரர்கள் நமக்குப் பங்காளிகள். அவர்கள் வீட்டுக் கதைகளில் ஒன்றை மட்டும் நம் வீட்டிலும் சொல்லலாம். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. சரிசெய்ய ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர், விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்தே தேடி எடுத்து, 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். அதற்காக ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. நான் அறிந்தவரை விருது கொடுத்தவருக்குப் பெருமை சேர்த்த விருதுகளில் அது ஒன்று. பின்னாளில் அவர் தலைமையில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் வந்தபோது, அன்று ஆளைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கடைசியாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் கன்சல்டன்டுகள். 1998க்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டம் வந்து, தங்க நாற்கரச் சாலை 5,846 கிலோமீட்டர் என்று ஆனபோது, துறையின் டிசைன்ஸ் பிரிவுகள் தாங்க முடியாத வேலை வெளியே போனது. திட்ட அறிக்கை (டி.பி.ஆர்.) ஒருவர், ப்ரூஃப் செக் இன்னொருவர், மேற்பார்வைக்கு மூன்றாமவர் என்று ஒரு பாலத்துக்கு மூன்று தாய்மாமன்கள் ஆனார்கள். நம் சங்கத்திலேயே பாதிப் பேர் ஓய்வுக்குப் பின் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம். நானும் ஏழு வருடம் அந்தச் சோற்றைத் தின்றவன்தான். இந்த வழிகளுக்குள் கொள்வினை கொடுப்பினை நிறைய நடந்து, இன்று சுத்த வம்சம் என்று யாரும் இல்லை.

இருந்தாலும் என் வழி முதல் வழி. என்னை வளர்த்த ஐயாவின் பெயரை அச்சில் போட்டால் கோபித்துக்கொள்வார். இப்போது இல்லை என்றாலும் கோபித்துக்கொள்வார். மூத்த உறுப்பினர்களுக்கு யாரென்று தெரியும். வெள்ள அளவைக் கணக்கிடும் ரைவ்ஸ் சூத்திரத்தின் கெழுக்களை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதற்கப்பால் 160 வரை 8.5, மலையோரத்துக்கு 10.2. சொல்லி முடித்ததும், "இது ரைவ்ஸ் சொன்னது. ஊர் என்ன சொல்லுது?" என்பார். உடனே ஜீப்பை விட்டு இறங்கி, ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கும் கிழவியிடம், "ஆத்தா, பெருவெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்போம். அவள் ஒரு பனைமரத்தைக் காட்டுவாள். அம்மன் கோயில் பூசாரி ஒரு படியைக் காட்டுவார். இரண்டுக்கும் லெவல் எடுத்தால் பெரும்பாலும் ஓர் அடிக்குள் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளைத் தேடிப் போவோம். உச்ச வெள்ள மட்டம் என்று வரைபடத்தில் ஒரு கோடு விழும் முன்னால் மூன்று பேர் சாட்சி சொல்லியிருக்க வேண்டும்.

கிணறு இறக்குவதிலும் அப்படியே. 80க்கு 1க்கு மேல் சாய்வு கூடாது என்பது விதி. ஒரு முறை எங்கள் கிணறு நடு ராத்திரியில் சாயத் தொடங்கியது. உயர்ந்து நிற்கும் பக்கத்தில் மணலை அதிகம் அள்ளி, அந்தப் பக்கமே பாரம் ஏற்ற வேண்டும் என்பது புத்தகத்தில் இருப்பதுதான். எவ்வளவு அள்ளுவது, எப்போது நிறுத்துவது என்பது புத்தகத்தில் இல்லை. ஐயா விடியும் வரை கிணற்றுச் சுவரான ஸ்டைனிங் மேல் கையை வைத்தபடி நின்றார். அந்தக் கைக்கு என்ன தெரிந்ததோ! "போதும்" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினோம். கிணறு நேரானது.

இன்னொரு நாள், ஒரு பாலத்துக்குத் திறப்பு விழா. வாழைமரம் கட்டியாகிவிட்டது. ஐயா மேலே வரவில்லை. பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு மணலில் இறங்கினார். மேலேயிருந்து ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மூன்றாவது கண்ணில் வடிகுழாய் கர்டரின் அடிமட்டத்துக்குக் கீழே நீளாமல் பாதியில் நின்றிருந்தது. தண்ணீர் கர்டரின் பக்கவாட்டில் வழிந்து, பியர் தலையில், பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே போய்த் தேங்கியது. ஐயா யாரையும் திட்டவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி அந்தக் கண்ணுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். வெல்டர் வந்து குழாயை நீட்டிய பிறகுதான் எழுந்தார். விழாப் படத்தில் அவர் இல்லை.

வடிகுழாய்க்கு ஒரு பத்தியா என்று இளைய உறுப்பினர்கள் கேட்கலாம். தேங்கிய தண்ணீர் துருவில் முடியும், துரு பாலத்தையே வீழ்த்தும். கோவாவில் 1970இல் திறந்த மாண்டோவி பாலம் 1986 ஜூலையில் இடிந்து விழுந்தது. கேபிள்கள் உள்ளே துருப்பிடித்தது வெளியே தெரியவில்லை. திறந்த ஆண்டில் அதற்கு ஒரு பரிசு கொடுக்கலாமா என்று நம்மைக் கேட்டிருந்தால், நான் உட்பட எல்லோரும் கை தூக்கியிருப்போம்.

கன்சல்டன்டின் சிறப்பை மதிப்பிடுவது இதைவிடக் கடினம். ஐயா ஒரு முறை சாலையின் போக்கை 200 மீட்டர் தள்ளிப் போட்டு, எஸ்டிமேட்டில் இருந்த ஒரு பாலத்தையே இல்லாமல் செய்தார். கட்டாத பாலத்தை எந்த நடுவர் போய்ப் பார்ப்பார்? நல்ல ஆலோசனை பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. செனாப் பாலம் 2025 ஜூனில் திறந்தபோது, 359 மீட்டர் உயரம் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த வளைவு ஊன்றி நிற்கும் பாறைச் சரிவோடு 17 வருடம் மல்லுக்கட்டிய பேராசிரியர் மாதவி லதாவின் பெயர் அப்புறம்தான் வெளியே வந்தது. அவரும் தன்னை மட்டும் தனியே தூக்கிக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மண்ணையும் பாறையையும் பார்த்துச் சொல்பவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

இனிச் சொல்லப்போவது யாரையும் குறிப்பிட்டு அல்ல. இன்றைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நாங்கள் ஸ்லைடு ரூலில் ஒரு வாரம் போட்ட கணக்கை ஒரு டீ ஆறுவதற்குள் போட்டுவிடுகிறார்கள். அதை மனமாரச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் நடுவராக இருந்த ஓர் ஆண்டு வந்த மனுக்களில் எல்லாவற்றிலும் ட்ரோன் படம் இருந்தது. பாலம் மேலேயிருந்து, பாலம் சாயங்காலத்தில், பாலம் பின்னணி இசையோடு. ஒன்றில்கூட அடிப்பக்கத்துப் படம் இல்லை. பேரிங் இல்லை, வடிகுழாய் இல்லை. ஓர் அறிக்கையில் நீரியல் அத்தியாயத்தைப் புரட்டினேன். எட்டாவது பக்கத்தில் ஆற்றின் பெயர் மாறியிருந்தது. வேறொரு மாவட்டத்து ஆறு! பழைய அறிக்கையை வெட்டி ஒட்டியதில் ஓர் இடத்தில் பெயரை மாற்ற மறந்திருக்கிறார்கள். சுட்டிக் காட்டினேன். "டைப்பிங் மிஸ்டேக் சார், முடிவு மாறாது" என்று பதில் வந்தது. ஆறு மாறினால் முடிவு மாறாதாம்! அந்த நிறுவனம் எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் தணியவில்லை. களத்துக்குப் போகிறவர்கள் ஷூவைக் கழற்றுவதில்லை. ஷூவைக் கழற்றாதவன் தண்ணீரில் இறங்க மாட்டான், இறங்காதவனுக்கு அரிப்பு எவ்வளவு ஆழம் என்று தெரியாது. லெவல் புத்தகத்தில் பென்சிலால் எழுதும் கை போய்விட்டது. அளவைப் பதிவேடான எம்-புக்கில் அடித்தல் திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் போடும் பழக்கமும் போனது. சென்டரிங் பிரித்ததும் கான்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டை விழுந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டோம். இப்போது அதற்கு முன்பே பூசி வெள்ளையடித்துவிடுகிறார்கள். பரிசுக் கேடயம் முதலில் வெண்கலமாக இருந்தது, பிறகு பித்தளை, இப்போது அக்ரிலிக். போன ஆண்டுக் கூட்டத்தில் தேநீர் காகிதக் குவளையில் வந்தது. பாதி பேர் குடிக்காமல் எழுந்தோம். இவை எல்லாவற்றுக்கும் குட்டையான வடிகுழாய்க்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை என்னால் கணக்கு போட்டு நிரூபிக்க முடியாது. ஆனால் இருக்கிறது.

என் மகளும் இதே துறையில் கன்சல்டன்ட். இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "அப்பா, உங்க காலத்துல விழுந்த பாலத்தை எல்லாம் யார் எழுதுறது?" என்று கேட்டாள். அதை எழுத எனக்குப் பக்கம் ஒதுக்கவில்லை என்றேன். தர மதிப்பெண்ணுக்கு 80, விலைக்கு 20 என்று டெண்டரில் எழுதியிருந்தாலும், எல்லோருக்கும் தரத்தில் 78, 79 என்று கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் விழும்போது கடைசியில் வேலையைப் பிடிப்பது விலைதான் என்றும், ஆத்தாவிடம் வெள்ளம் கேட்கப் போகும் ஜீப்புக்கு அந்த விலையில் டீசல் இல்லை என்றும் அவள் சொன்னாள். இது நியாயமான பேச்சு. எழுதியதை அடிக்கவில்லை, இதையும் சேர்த்துக்கொண்டேன்.

பொன்விழா ஆண்டில் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். பரிசு விதியில் இரண்டு வரி சேருங்கள். திறந்து ஐந்து மழைக்காலமாவது கண்ட பணிக்கே மனு. நடுவர்கள் அடிப்பக்கம் இறங்கிப் பார்த்த பிறகே மதிப்பெண். திருநெல்வேலியில் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து, ஹார்ஸ்லி வடிவமைத்து, 1843இல் திறந்த பாலம் இன்னும் பேருந்துகளைச் சுமக்கிறது. அதன் 11 வளைவுகளுக்கும் அடியில் நான் நடந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பணியின் பேரில் ஒரு சிறப்புப் பரிசை இந்த ஆண்டே அறிவித்தால், கேடயத்தை வெண்கலத்தில் வார்க்கும் செலவில் பாதியை நான் தருகிறேன்.

அடுத்த சுற்றில் இறங்கிப் பார்க்க வரும் இளைய உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். டார்ச் என்னிடம் இருக்கிறது. குடத்தை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.