கேத்தரினின் மரணமும் காலப் பிறழ்வும்

சேக்சுபியர் பிளெட்சருடன் இணைந்து எழுதிய ‘எட்டாம் ஹென்றி’ 1613இல் மேடையேறியபோது ‘யாவும் உண்மை’ என்றும் வழங்கப்பெற்றது. எலிசபெத் பிறந்தது 1533இல். மணவிலக்குற்ற அரசி கேத்தரின் மறைந்ததோ 1536இல். நாடகத்தில் அப்பிறப்புக்கு முன்னரே கேத்தரின் மரணப்படுக்கையில் விடைபெற்றுவிடுகிறார். மேடை வசதிக்கான காலச்சுருக்கம் என இதனைக் கடந்துவிட நமக்கு மனமில்லை. முதல் மனைவி வாழ்ந்திருக்கையில் பிறந்த மகளின் வாரிசுரிமை, போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்தாலன்றி நிலைபெறாது. அம்மறுப்பினால் எழுந்த சமயப் பிளவின் கூர்மையை நாடகம் ஒரு சாவினால் மழுக்கிவிடுகிறது. ஆன் பொலின் 1536இல் தலை துண்டிக்கப்பட்டதும் காட்டப்பெறவில்லை. எனினும் விசாரணைக் காட்சியில் மன்னன்முன் மண்டியிட்டு நீதி கேட்கும் கேத்தரினின் குரலை ஆசிரியர்கள் அடக்கவில்லை. அவ்விசாரணை 1529இல் நடைபெற்ற பிளாக்பிரையர்ஸ் வளாகத்திலேயே பின்னாளில் சேக்சுபியர் குழுவினரின் உள்ளரங்கமும் இருந்தது.