மீட்பும் மீட்புக் கட்டணமும்

1877 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5 ஆந் திகதி நியூயோர்க் நகரில் 762 நாய்கள் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டன. 7 அடி நீளமான இரும்புக் கூடொன்றில் ஐம்பதுக்குச் சற்றுக் குறைந்த நாய்களை ஒருங்கே அடைத்து, பாரந்தூக்கியினால் உயர்த்தி, கிழக்கு ஆற்றில் இறக்கி வைத்திருந்து எடுப்பதே அன்றைய முறை. கொடுமைதான், ஆயினும் அதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதற்கென்றே பிடித்தார்கள், கொன்றார்கள். காப்பகம் என்ற பெயரும் கருணைக்கொலை என்ற சொல்லும் பின்னரே அங்கு நிலைபெற்றன.

அச்சொற்கள் எவற்றை மறைத்தன என்பதே நேதன் வினோகிராட் 2007 இல் வெளியிட்ட 'ரிடெம்ஷன்' என்னும் ஆங்கில நூலின் பொருள். ஆசிரியர் சட்டம் பயின்றவர். அரச தரப்பு வழக்கறிஞராகக் கடமையாற்றியவர். 2001 இல் நியூயோர்க் மாநிலத்தின் தொம்கின்ஸ் மாவட்டக் காப்பகத்தைப் பொறுப்பேற்றவர். நூல் முழுவதும் குற்றப்பத்திரிகையின் தொனி விரவியிருப்பது இதனாற் போலும்.

செல்வந்த நாட்டு நாய்களைப் பற்றி நமக்கென்ன என்று முகஞ்சுளிப்போர் உளர். அவர்கள் நாயைச் சற்று ஒருபுறம் வைத்துவிட்டு, அதனை அடைத்து வைத்திருக்கும் அலுவலகத்தை நோக்குவார்களாக.

நாய்கள் பெருகிவிட்டன, வீடுகள் போதா, பொறுப்பற்ற மக்கள் வளர்த்துக் கைவிடுகின்றனர், ஆகவே வேறு வழியின்றிக் கொல்கிறோம் என்பது அமெரிக்கக் காப்பக நிருவாகங்கள் நெடுங்காலமாகக் கூறிவந்த சமாதானம். வினோகிராட் இதனை அடியோடு மறுக்கிறார். தத்தெடுக்க வருவோர் வேலை முடிந்து வரும் வேளையிற் கதவைப் பூட்டிவிடுவதும், உதவ முன்வரும் தொண்டரை வாசலிலேயே திருப்பியனுப்புவதும், காணாமற்போன நாயைத் தேடி வந்தவருக்குக் கூண்டுகளைப் பாராமலே 'இல்லை' என்பதும் யாருடைய செயல்கள்? நிருவாகத்தின் செயல்களே என்பது அவர் கட்சி. நோயுற்று மீளமுடியாத உயிரின் துன்பத்தை முடிப்பதற்குரிய சொல்லை, நலமுள்ள நாயைக் கொல்வதற்கும் வழங்குதல் தகாது என்று அவர் வாதிடும் பகுதி, மொழியிற் கருத்துள்ள எவரும் படிக்க வேண்டியது.

நூல் வெளிவந்து ஈராண்டின் பின், 2009 ஒக்டோபரில், டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரக் காப்பகத்தை ஷெரிப் திணைக்களத்தினர் சோதனையிட்டனர். எலும்புந்தோலுமாய் மெலிந்த நாய்கள் அங்கே கிடந்தன. பட்டினியால் இறந்தவையும் இருந்தமை தெரியவந்தது. தொகைப் பெருக்கம் என்ற சமாதானம் இதற்கு எங்ஙனம் பொருந்தும்? அடைத்து வைத்த உயிருக்கு உணவிட்டாயிற்றா என்று பார்ப்பதற்குப் பெரிய கொள்கை எதுவும் வேண்டியதில்லை.

நூலின் சிறந்த பகுதி அதன் வரலாற்றுப் பகுதியே. அமெரிக்காவின் முதல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை 1866 இல் நிறுவிய ஹென்றி பேர்க், நியூயோர்க்கின் நாய்ப்பட்டியைச் சங்கம் ஏற்று நடத்த வேண்டுமென்ற யோசனையை மறுத்தவர். வதையைத் தடுக்க வந்தவர்கள் கொல்லும் தொழிலை ஏற்கலாகாது என்பது அவர் நிலை. 1888 இல் அவர் இறந்தார். 1894 இல் சங்கம் அவ்வேலையை ஏற்றது. நாய் உரிமப்பணமும் அதன் கைக்கு வந்தது. ஏறத்தாழ நூறாண்டு அது விடப்படவில்லை. இதற்கு எதிர்நிலையாகச் சன்பிரான்சிஸ்கோச் சங்கத்தை ஆசிரியர் காட்டுகிறார். ரிச்சர்ட் அவன்சீனோவின் தலைமையில் அச்சங்கம் 1984 இல் நாய்ப்பட்டி ஒப்பந்தத்தை விட்டு விலக முடிவுசெய்தது. 1994 இல் நகரத்துடன் உடன்படிக்கை செய்து, தத்துக்கொடுக்கத்தக்க எந்த நாய்க்கும் பூனைக்கும் வீடு தேடித் தருவதாகப் பொறுப்பேற்றது.

நாடு முழுவதிலும் காப்பகங்களிற் கொல்லப்பட்ட விலங்குகள் 2011 இல் ஆண்டுக்கு 26 இலட்சம் என மதிப்பிடப்பட்டன. 2019 இல் அது 9 இலட்சத்து 20 ஆயிரம். அவற்றுள் நாய்கள் 3 இலட்சத்து 90 ஆயிரம். எட்டு ஆண்டுகளில் மக்கள் அனைவரும் ஒருங்கே பொறுப்புள்ளவர்களாய் மாறிவிட்டார்கள் என்று கொள்ளல் அரிது. நடைமுறைகள் மாறின என்று கொள்வதே பொருத்தம்.

இதுவரை நாம் ஆசிரியருடன் உடன்படுகிறோம். அவர் தரும் பரிகாரத்திலேதான் நமது கருத்து வேறுபடுகிறது. வளர்ப்பு இல்லங்கள், குறைந்த செலவிற் கருத்தடை, தொண்டர் படை எனப் பலவற்றை அடுக்கியபின், இவையனைத்தையும் இயக்குவிக்கும் கருணையுள்ள தலைவர் ஒருவர் வேண்டும் என்கிறார். நல்ல தலைவர் வந்தால் நாய்கள் பிழைக்கும்; அவர் மாற்றலாகிப் போனால்? பாடசாலை அதிபர்கள் மாறுவதைக் கண்டிருக்கும் நம் வாசகருக்கு இவ்வினாவை விளக்க வேண்டியதில்லை. நிருவாகத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றியவர், அந்நிருவாகம் யாருடைய வசதிக்காக அவ்வாறு அமைந்தது என்று இறுதிவரை துருவிக் கேட்கவில்லை.

'ரிடெம்ஷன்' என்றால் மீட்பு. சமயம் சார்ந்த பெருஞ்சொல்தான். ஆனால் நாய்ப்பட்டியில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு: பிடிபட்ட நாயை உரியவர் பணங்கட்டி எடுத்துச் செல்லுதல். பிடித்ததற்கு ஒரு கட்டணம், தங்கவைத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டணம், உரிமம் இல்லையெனில் அதற்கும் பணம். நாளுக்கு நாள் தொகை ஏறுகிறது. நாட்கூலி பெறுபவர் சம்பள நாள்வரை காத்திருந்தால் அதற்குள் கடன் இரட்டிக்கிறது, கெடுவும் முடிகிறது. பதிவேட்டில் அந்நாய் 'உரியவர் கோரவில்லை' என்றே பதிவாகும். வாடகை வீட்டில் நாய் வைத்திருக்க வீட்டுக்காரர் தடைவிதித்ததால் கண்ணீருடன் கொண்டுவந்து ஒப்படைத்தவரும் 'பொறுப்பற்றவர்' வரிசையிலே சேர்கிறார்.

இதனைச் சட்டம் ஒருமுறை ஓரளவு உணர்ந்தது. கலிபோர்ணியாவில் 1998 இல் இயற்றப்பட்ட ஹேடன் சட்டம், நாயை வைத்திருக்க வேண்டிய 72 மணி நேரக் கெடுவை 6 வேலைநாட்களாக நீட்டியது. வாரத்தில் ஒரு மாலையேனும் 7 மணிவரையிலோ, வாரவிடுமுறையில் ஒருநாளோ திறந்திருக்கும் காப்பகத்துக்கு மட்டும் 4 நாட்கள் போதும் என்றது. பகலெல்லாம் உழைப்பவர் எப்போது நாயைத் தேடி வரமுடியும் என்று எண்ணிப் பார்த்த சட்டம் அது. வினோகிராட்டின் பக்கங்களெல்லாம் வேண்டி நிற்கும் கருணையை, தலைவரின் உள்ளத்தில் வைக்காமல் கடிகாரத்தில் வைத்தது. 2009 இல் மாநிலத்துக்கு நிதி நெருக்கடி வந்தபோது, உள்ளூராட்சிகளுக்கு அச்செலவை ஈடுசெய்ய மனமின்றி அக்கடப்பாட்டை இடைநிறுத்தினார்கள். நீட்டிக் கொடுத்த அந்த நாட்களும் அதனுள் அடங்கும்.