யாரோ ஒருவரின் மௌத்து: ஜூல் ரொமேனின் நாவலை முன்வைத்து

ஜாக் கொதார் பாரிஸ் நகரத்தில் புகையிரதச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். தொழிலாளர் குடியிருக்கும் மாடிவீடொன்றில் தனியாக வாழ்கிறார். ஒருநாள் குளிர் பிடித்துப் படுக்கையில் விழுகிறார், பிறகு எழும்பவில்லை. ஜூல் ரொமேன் 1911இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலின் கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். இதுவும் நாவலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் முழுவதும் மையித்தைச் சுற்றி நடப்பவை.

நான் வாசித்தது 1914இல் டெஸ்மண்ட் மக்கார்த்தியும் சிட்னி வாட்டர்லோவும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அதன் பெயர் 'த டெத் ஒஃப் எ நோபடி'. ஒன்றுமில்லாத ஒருவனின் மரணம் என்று சொல்லலாம். ஆனால் பிரெஞ்சுத் தலைப்பு 'மோர் த கெல்கன்'. அதற்கு 'யாரோ ஒருவரின் மரணம்' என்றுதான் பொருள். இரண்டுக்கும் இடையில் உள்ளது சின்ன வித்தியாசமில்லை. 'யாரோ ஒருவர்' என்றால் ஆள் இருக்கிறார், நமக்கு அவரைத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'ஒன்றுமில்லாதவன்' என்றால் நாம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. இந்த நாவலைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

ரொமேனின் இயற்பெயர் லூயி ஃபாரிகூல். 1885இல் பிரான்சின் மலைப்பிரதேசக் கிராமமொன்றில் பிறந்தவர். 1903இல், பதினெட்டு வயதில், சேன் லசார் புகையிரத நிலையத்தை ஒட்டிய அம்ஸ்தர்தாம் வீதியில் நண்பரோடு நடந்துபோனபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கூட்டம் என்பது தனித்தனி ஆட்களின் கூட்டுத்தொகை அல்ல, அதற்கென்று ஓர் உயிர் உண்டு என்பதே அது. பின்னர் இதற்கு 'யுனானிமிஸம்' என்று பெயரிட்டார். ஒருமித்த உயிர்க் கொள்கை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1908இல் கவிதையில் சொன்ன இந்தக் கொள்கையை, மூன்று வருடம் கழித்து ஒரு மையித்தை நடுவில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

நாவலின் தொடக்கத்தில் கொதார் பந்தெயோன் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி நகரத்தைப் பார்க்கிறார். இவ்வளவு பெரிய ஊரில் தன்னை நினைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற யோசனை அவருக்கு வருகிறது. இடத்தைக் கவனிக்க வேண்டும். பந்தெயோன் என்பது பிரான்ஸ் தன் பெரிய மனிதர்களை அடக்கியிருக்கும் இடம். வோல்த்தேர், ரூஸோ, விக்டர் ஹியூகோ எல்லோரும் கீழே நிலவறையில் இருக்கிறார்கள். தேசமே நினைவு வைத்திருக்கும் மனிதர்களின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, யாருமே நினைக்காத ஒருவர் தன் கணக்கைப் பார்க்கிறார். ஆசிரியர் இதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நல்ல எழுத்தாளருக்கு அது தேவையுமில்லை.

1908இல் அதே நிலவறைக்குக் கொண்டுவரப்பட்டவர் எமில் ஸோலா. அவருடைய 'மனித மிருகம்' (1890) நாவலின் நாயகனும் ஒரு சாரதி. அவன் பெயரும் ஜாக். அதை எழுதுவதற்காக ஸோலா இயந்திரத்திலேயே ஏறிப் பயணம் செய்து பார்த்தவர். ஸோலாவின் ஜாக் கொலைவெறி பிடித்தவன், தன் இயந்திரத்துக்குப் பெண்பெயர் வைத்து நேசிப்பவன். கடைசியில் கரி போடுகிறவனோடு கட்டிப் புரண்டு ஓடும் வண்டியிலிருந்து விழுந்து சாகிறான். வண்டி சாரதியில்லாமலே படைவீரர்களை ஏற்றிக்கொண்டு இருட்டில் ஓடுகிறது. வாசகரை உலுக்கும் மரணம் அது. ரொமேனின் ஜாக்குக்கு அப்படி ஒன்றுமே இல்லை. இயந்திரத்தை விட்டு இறங்கிவிட்ட மனிதர், கட்டிலில் கிடந்து போய்ச்சேருகிறார். 1910 ஒக்டோபரில் பிரான்சில் புகையிரதத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரதமர் பிரியான் அவர்களைப் படைச் சேவைக்கு அழைத்து அதை முறியடித்தார். புகையிரதக்காரர் என்றாலே நாடு திரும்பிப் பார்த்த காலம் அது. அதற்கு அடுத்த வருடமே வெளிவந்த நாவலில், வேலையும் சத்தமும் ஓய்ந்துபோன ஒருவரை ரொமேன் எடுத்துக்கொள்கிறார். அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

மௌத்துக்குப் பிறகு நடப்பவைதான் நாவலின் உயிர். வீட்டுக் காவலாளி கதவு கதவாகச் செய்தி சொல்கிறார். படிக்கட்டில் கண்டும் காணாமல் போன அயலவர்கள் நின்று கதைக்கிறார்கள். மலர்வளையத்துக்குக் காசு சேர்க்கிறார்கள். தூரத்துக் கிராமத்தில் இருக்கும் வயோதிபத் தகப்பனுக்குத் தந்தி போகிறது. அந்த மனுசன் குதிரை வண்டியிலும் பிறகு ரயிலிலுமாக மகனின் மையித்தைப் பார்க்க வருகிறார். மகன் ஆயுள் முழுக்க ஓட்டிய ரயில் இப்போது தகப்பனை அவருடைய மரண வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அயலவர்களுக்கு அழுகை வரவில்லை. ஆனாலும் அந்த மாடிவீடு முதல்தடவையாக ஒரு வீடாகிறது. உயிரோடிருந்த கொதாரால் செய்ய முடியாததை மையித்து செய்துவிட்டது. மரண வீட்டில் நடக்கும் இந்த மாற்றத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நாவல்கள் குறைவு.

என்றாலும் ரொமேனின் அடிப்படைக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்கு மனிதன் என்பவன் பிறர் மனதில் இருக்கும் அளவுக்கே இருக்கிறான். ஆகவே இறந்த கொதார் அயலவர் நினைவில் கொஞ்சக் காலம் வாழ்கிறார், பிறகு தேய்கிறார். நாவலின் முடிவில், ஜனாஸாவுக்கு வந்திருந்த இளைஞன் ஒருவன் வீதியில் நடக்கும்போது அவரை நினைக்கிறான். அந்த நினைவும் கரைகிறது. வாசிக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்தக் கணக்குப்படி நினைக்க ஆளில்லாதவர் ஒன்றுமில்லாதவர்தானே? ஆங்கிலத் தலைப்பு பிழையென்றேன். அந்தப் பிழைக்கான வித்து நாவலுக்குள்ளேயே இருக்கிறது. 'யாரோ ஒருவர்' என்று தொடங்கிய ரொமேன், கடைசியில் அவரை மற்றவர்களின் ஞாபகசக்தியிடம் ஒப்படைத்துவிட்டார்.

எங்கள் மார்க்கம் இந்த விசயத்தை வேறிடத்தில் வைத்திருக்கிறது. மையித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது நான்கும் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோர் மீதும் இருந்த கடமை நீங்கும், ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுக்கக் குற்றவாளி. அவரைத் தெரியுமா, நினைவிருக்கிறதா என்ற கேள்வியே இதில் இல்லை. மையித்துக்கு எங்கள் மீது ஹக் இருக்கிறது. பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்தவர் மௌத்தானபோது, இது பெரிய விசயமில்லை என்று எண்ணி ஸஹாபாக்கள் அறிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தறிந்து, கப்ர் எங்கே என்று கேட்டுப் போய்த் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இச்சம்பவத்தை நாமெல்லோரும் ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். கொதாரை வாசித்த பிறகு எனக்கு அது இன்னும் கூர்மையாகப் பட்டது.

இந்த ஹக் மறுக்கப்பட்டால் என்ன வலிக்கும் என்பதை இந்நாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் மரணங்களுக்கு எரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கும்வரை நாம் பட்டது மறதியைப் பற்றிய துக்கமல்ல. எரிக்கப்பட்டவர்களை அவர்களுடைய குடும்பங்கள் மறக்கவேயில்லை. செய்ய வேண்டிய கடமையைச் செய்ய விடவில்லை என்பதுதான் துக்கம். நினைவு ஒன்றே போதுமென்ற ரொமேனின் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. கொதாரின் அயலவர்கள் மாதிரியே நாமும் பலரின் முழுப்பெயரைப் பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிக்கும்போதுதான் முதல்முதலில் கேட்கிறோம். ‘ஆ, அவரா? ரயில்வேயில இருந்தவரே!’ என்போம். சந்தூக்குத் தூக்கப் போட்டி போடுவோம். அந்த மனுசன் பென்சன் எடுத்த பிறகு பத்துப் பதினைந்து வருசம் எங்கே குந்தியிருந்தார், யாரோடு கதைத்தார் என்று கேட்டால் பதில் வராது. எழுத்திலும் இப்படித்தான். எங்கள் நினைவு மலர்களில் உலமாக்கள், அரசியல்வாதிகள், கொடைவள்ளல்கள், புலவர்கள் இருக்கிறார்கள். அது எங்கள் பந்தெயோன். தண்டவாளம் பார்த்தவர், சமிக்ஞை இறக்கியவர், கரி வாரியவர் அதில் இல்லை. மௌத்தின்பின் கடமையைச் சரியாகச் செய்கிறோம், ஹயாத்தோடு இருக்கும்போது கோட்டைவிடுகிறோம். ரொமேன் நம்மைக் குத்துவது இந்த இடத்தில்தான். அதற்காகவே அவரை வாசிக்க வேண்டும்.

இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் தலைப்பை மட்டுமாவது பிரெஞ்சிலிருந்து எடுக்கட்டும். கொதார் 'யாரோ ஒருவர்'. அவரை 'ஒன்றுமில்லாதவர்' என்று எழுத நமக்கு உரிமையில்லை.