சிதம்பரம் வடக்குக் கோபுரச் சிற்பிகளின் உருவங்கள்

சிதம்பரம் நடராசர் கோயிலின் ஏழுநிலை வடக்குக் கோபுர வாயிலில், அதைக் கட்டிய சிற்பிகள் நால்வரின் சிறிய உருவங்கள் பெயருடன் இடம்பெற்றுள்ளன. தமிழகச் சிற்பக்கலை வரலாற்றில் இது அரிய சான்று. தமிழ்ச் சிற்பிகள் தம்மை வெளிக்காட்டாதவர்கள் என்ற பொதுக்கருத்தை இவ்வுருவங்கள் மறுபரிசீலனை செய்யவைக்கின்றன.

அரசரும் சிற்பிகளும்

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509–1529) கலிங்க வெற்றிக்குப் பின் இக்கோபுரத்தைக் கட்டுவித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. இதன் கல் பகுதி அவருக்கு முன்பே தொடங்கப்பட்டது எனக் கருதும் ஆய்வாளர்களும் உண்டு. வாயிலின் உட்புற மேற்குச் சுவர் மாடத்தில் அரசர் கைகூப்பி நிற்கிறார்.

சிற்பிகள் இரண்டு குடும்பத்தினர். விருத்தகிரியைச் சேர்ந்த சிற்பியும் அவர் மகன் விசுவமுத்துவும் ஒரு குடும்பம். ஆசாரி திருமருங்கனும் அவர் தம்பி காரணாச்சாரியும் மற்றொன்று. விருத்தகிரி என்பது சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள இன்றைய விருத்தாசலம். தந்தையிடம் மகனும் அண்ணனிடம் தம்பியும் தொழில் பழகிய பட்டறை முறை இந்த உறவுகளில் தெரிகிறது.

இத்தாலிய மார்பளவுச் சிலையுடன் ஒப்பீடு

இத்தாலியச் சிற்பி பெர்னினியும் (1598–1680) தந்தை பியத்ரோவிடம் தொழில் கற்றவரே. அவர் 1630-களில் செதுக்கிய கொஸ்தான்சாவின் பளிங்கு மார்பளவுச் சிலை புளோரன்சு நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளது. சற்றே திறந்த உதடுகளும் கலைந்த கூந்தலும் பேசத் தொடங்கும் ஒரு பெண்ணை நேரில் காணும் உணர்வைத் தருகின்றன. பெர்னினி இறந்து இரண்டு ஆண்டுகளில், 1682-இல், பால்தினூச்சி எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. அவருடைய படைப்புகள் பலவற்றைக் கால வரிசையில் தொடர முடிகிறது.

சிதம்பரச் சிற்பிகளுக்கு அப்படியொரு வாழ்க்கை வரலாறு இல்லை. முக ஒப்புமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவர்களின் உருவங்கள் பின்தங்கியவையாகத் தோன்றும். ஆனால் அந்த அளவுகோல் இங்குப் பொருந்தாது. தமிழகக் கோயில்களில் அரசரின் உருவம்கூட முகச்சாயலைவிட நிற்கும் இடத்தாலும், வணங்கும் நிலையாலும், கல்வெட்டாலுமே அடையாளம் பெறுகிறது. திருமலையில் தேவியர் இருவருடன் நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்பு உருவத்திலும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பெர்னினியின் பளிங்கில் முகம் செய்யும் வேலையை இங்கு எழுத்து செய்கிறது.

மதிப்பீடு

இவ்வுருவங்களைக் கொண்டு சிற்பிகள் அரசருக்கு நிகராக மதிக்கப்பட்டனர் என முடிவு கட்டுவது மிகை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சனின் பெயரைத் தருகிறது. ஆகவே சிற்பியின் பெயரைப் பொறிப்பது சிதம்பரத்தில்தான் தொடங்கியது என்பதும் சரியன்று. இங்குள்ள சிறப்பு வேறு. பெயர், உருவம், உறவு ஆகிய மூன்றும் அவர்கள் உழைத்த கட்டடத்திலேயே ஒன்றாக நிற்கின்றன. பெர்னினியின் புகழ் ஒரு தனிமனிதரின் புகழ். இங்கே பதிவு பெற்றிருப்பது ஒரு கூட்டுழைப்பு.

வாயிலில் நுழைவோரின் பார்வை பெரும்பாலும் பரதத்தின் கரணச் சிற்பங்களிலேயே நின்றுவிடுகிறது. சிற்பிகளின் உருவங்களையும், மேலாக அந்த எழுத்துகளையும், மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். கொஸ்தான்சாவின் பெயர் மறைந்தாலும் அவள் முகம் ஒரு தனி மனுஷியைக் காட்டும். வடக்குக் கோபுரத்தில் சுண்ணாம்போ வண்ணப்பூச்சோ எழுத்துகளை மூடினால், விசுவமுத்து யார், காரணாச்சாரி யார் என்று அந்த உருவங்களே சொல்லிவிடாது. அங்கே எழுத்தைக் காப்பதுதான் சிற்பியைக் காப்பது.